எர்த் இல்லாத பெட்டி

கடைத்தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நெற்றியில் எப்போதும் ஒரு லென்ஸைக் கட்டிக்கொண்டு, கடுகளவு சாமான்களை உற்றுப் பார்த்தே பிழைக்கிறவள் என்பதால் ‘பூதக்கண்ணாடி’ என்று வைத்துவிட்டார்கள். அவளுடைய நாத்தனாருக்கு ‘வானொலி’ என்று பெயர். ஏன் என்பது கடைக்குள் நுழைந்த இரண்டாவது நிமிடமே எவருக்கும் தெரிந்துவிடும். இருவரும் சேர்ந்து நடத்தியது ஒரு ரிப்பேர் கடை. முன்னால் கவுண்டரில் உட்கார்ந்து வானொலி போன்களுக்குக் கண்ணாடி மாற்றுவாள். பின்னறையில் பூதக்கண்ணாடி சர்க்யூட் போர்டுகளோடு மல்லுக்கட்டுவாள்.

அந்த வாரம் பின்னறையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு ஆளுயரப் பெட்டி நின்றது. காசு போட்டு விளையாடும் பழைய வீடியோ கேம் பெட்டி. மரப்பலகை உடம்பு, மேலே டிவி போலப் பிக்சர் டியூப், இடுப்பு உயரத்தில் தகட்டில் பதித்த கைப்பிடியும் ஆறு பொத்தான்களும். பக்கத்துத் தெருப் பல் டாக்டர் வாங்கியது. பல் பிடுங்கப் பயந்து அழும் பிள்ளைகள் காத்திருக்கும் நேரத்தில் விளையாடட்டும் என்பது அவர் யோசனை.

“பல்லைப் பிடுங்குறதுக்கு முன்னாடி கவனத்தைப் பிடுங்கிடலாம்னு பாக்குறாரு” என்றாள் வானொலி.

பெட்டி ஓடியது, ஆனால் ஒழுங்காக ஓடவில்லை. விண்கலங்கள் வரவேண்டிய இடத்தில் கோணல்மாணலான கட்டங்கள் வந்தன. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரை கறுத்து, விளையாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. பூதக்கண்ணாடி மூன்று நாளாக அதன் பின்னாலேயே கிடந்தாள். முதல் நாள், ஐந்து வோல்ட் வரவேண்டிய இடத்தில் நாலரைதான் வருகிறது என்று கண்டுபிடித்து, கறுத்துப்போயிருந்த இணைப்புப் பின்களைத் தேய்த்துச் சுத்தம் செய்தாள். வோல்ட் சரியானது, திரை கறுப்பதும் நின்றது. ஆனால் கட்டங்கள் அப்படியே இருந்தன. இரண்டாம் நாள், வெள்ளையாகப் பூத்துப்போன ஈயப் பற்றுகளையெல்லாம் உருக்கிச் சால்டரைப் புதிதாக வைத்தாள். அதற்கும் மசியவில்லை. மூன்றாம் நாள் மதியத்துக்குள் சந்தேகம் ஒரே ஒரு மெமரி சிப்பில் வந்து நின்றது. அதன் காலில் சிக்னல் எப்படித் துடிக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் முடிந்தது வேலை. அதற்கு மல்டிமீட்டர் போதாது. சிக்னலைத் திரையில் அலையாகக் காட்டும் ஸ்கோப்பை அலமாரியிலிருந்து இறக்கி, பிளக்கைச் செருகினாள்.

ஸ்கோப்பின் வயரில் இரண்டு முனை. ஒன்று ஊசி, இன்னொன்று முதலைவாய் கிளிப். எர்த்தோடு சேர்ந்திருக்கும் கிளிப்பைப் போர்டின் கிரவுண்டில், அதாவது வோல்ட் பூஜ்யமாக இருக்க வேண்டிய முனையில், மாட்டிவிட்டுத்தான் ஊசியை வைக்க வேண்டும். பல் தேய்ப்பது போல அவள் யோசிக்காமல் செய்கிற காரியம். கிளிப்பை விரித்தாள். போர்டின் ஓரத்தில் கொண்டுபோனாள்.

டப்பென்று வெடித்தது. நீலமும் வெள்ளையுமாக ஒரு நெருப்பு கண்ணெதிரே எரிந்து அணைந்தது. கடை முழுக்க விளக்கு போனது. கருகிய நாற்றம் மூக்கில் ஏறியது. கிளிப்பின் ஒரு பல் இருந்த இடமே தெரியவில்லை.

“அண்ணீ!” வானொலி ஓடிவந்தாள். “அண்ணி, என்னாச்சு? கையைக் காட்டுங்க! கையைக் காட்டுங்க முதல்ல!”

கைக்கு ஒன்றும் இல்லை. ரப்பர் பாய் மேல், ரப்பர் செருப்போடு நின்றிருந்தாள். இருபது வருடமாக இதே வேலை. கிரவுண்டில் கிளிப் மாட்டி நெருப்பு வந்ததாக அவள் பார்த்ததில்லை. கிரவுண்டு என்றால் அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது. ஒன்றும் இருக்கக் கூடாத இடத்தில் வீட்டுக் கரண்ட் முழுசாக உட்கார்ந்திருந்திருக்கிறது.

அப்படியென்றால் மூன்று நாளாக அவள் எதைத் தொட்டுக்கொண்டிருந்தாள்?

பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டுப் பெட்டியின் அடிப்பகுதியைப் பார்த்தாள். அங்கே ஒரு தகரமூடி. அதை இதுவரை அவள் கழற்றவில்லை. போர்டில் கோளாறு என்று வந்ததால் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு திருகாணியைக் கழற்றி மூடியை விலக்கினாள்.

டிரான்ஸ்ஃபார்மர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. முஷ்டி அளவு இரும்புக்கட்டி அது. சுவரிலிருந்து வரும் கரண்ட் நேராக டியூப்புக்கும் போர்டுக்கும் போய்விடாமல் நடுவில் நின்று பிரித்துவிடுவதுதான் அதன் வேலை. எந்தக் காலத்திலோ எரிந்துபோயிருக்க வேண்டும். புதிது வாங்கச் சோம்பல்பட்டு எவனோ அதைக் கழற்றி எறிந்துவிட்டு, இந்தப் பக்கத்து வயரையும் அந்தப் பக்கத்து வயரையும் முறுக்கி டேப் சுற்றியிருந்தான். அப்படிச் செய்தால் எர்த் வழியாகக் கரண்ட் பாய்ந்து ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கும். அதற்கும் வழி கண்டிருந்தான். பச்சை நிற எர்த் வயரை அடியோடு வெட்டிவிட்டிருந்தான். ஃபியூஸ் போகவில்லை. பெட்டி ஓடியது. வெளியே தெரிகிற தகடு முழுவதும், கைப்பிடியைச் சுற்றியிருக்கும் தகடு, காசு போடும் கதவு, எல்லாவற்றிலும் கரண்ட் நின்றது. காய்ந்த கை, செருப்புப் போட்ட கால் என்றால் லேசாகச் சுரீர் என்றிருக்கும், அல்லது தெரியவே தெரியாது.

டார்ச் வெளிச்சத்தில் முறுக்கிய வயரின் நுனியில் சிவப்பாக ஏதோ பளபளத்தது. நகப்பாலிஷ். முறுக்கு அவிழாமலிருக்க நகப்பாலிஷ் தடவியிருந்தான்.

பூதக்கண்ணாடி டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

அந்தச் சிவப்பு அவளுக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்பு நீச்சல் குளத்து மேலாளர் ஒரு பையில் போர்டு ஒன்றைக் கொண்டுவந்தார். இதே மாதிரிப் பெட்டியின் போர்டு. மூடிப்போன ஒரு விளையாட்டுக் கூடத்திலிருந்து பழைய சாமான் வியாபாரி எடுத்து விற்றது, பல் டாக்டர் வாங்கியதும் அதே வியாபாரியிடம்தான். அந்தப் போர்டின் திருகாணித் தலைகளில் எல்லாம் இதே சிவப்பு நகப்பாலிஷ். இதே ஆளின் கை. அவள் போர்டை மேசையிலேயே தனியாகச் சரிசெய்து கொடுத்தாள். பெட்டியைப் பார்க்கவே இல்லை. இரண்டு நாள் கழித்து மேலாளர் ஒரு காகிதத்தோடு திரும்ப வந்தார். ‘இந்த இயந்திரம் மின் பாதுகாப்புச் சோதனை செய்யப்பட்டது.’ கீழே ஒரு கோடு. அப்படிக் கையெழுத்துப் போடும் உரிமை அந்த வட்டாரத்தில் மூன்று பேருக்குத்தான் உண்டு, அவள் ஒருத்தி.

“ஓடுதுல்ல?” என்று கேட்டாள்.

“ஜோரா ஓடுதும்மா.”

கவுண்டரில் நின்றபடியே கையெழுத்தைப் போட்டாள். அன்றைக்கு அவளுக்கு முதுகு வலி.

“குளம் எப்பத் திறக்கிறாங்க?” என்றாள் இப்போது.

“எந்தக் குளம்? ஓ, நீச்சல் குளமா? இன்னிக்குத்தான் அண்ணி. பெயிண்ட் அடிச்சு, டைல்ஸ் எல்லாம் மாத்தி, ரெண்டு மணிக்குத் திறப்பு விழா. பிள்ளைங்களுக்கு இன்னிக்கு இலவசமாம். ஏன்...” வானொலி பெட்டிக்குள் பார்த்தாள். நகப்பாலிஷைப் பார்த்தாள். ஸ்கூட்டர் சாவியை எடுக்கக் கவுண்டருக்கு ஓடினாள்.

மணி மூன்று ஐந்து.

பூதக்கண்ணாடி மேலாளருக்குப் போன் போட்டாள், அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை. குளத்து அலுவலக எண்ணுக்குப் போட்டாள். பதினைந்து தடவை அடித்த பிறகு ஒரு ஆண்குரல்.

“டிக்கெட் கவுண்டர்.”

“தம்பி, முன்கூடத்துல வீடியோ கேம் பெட்டி இருக்குல்ல, அதை உடனே ஆஃப் பண்ணு. பிளக்கைப் பிடுங்கு. யாரையும் தொட விடாத.”

“எதைங்க? கேக்கல, மைக் சத்தம்...”

“கேம்! கேம் பெட்டி!”

“அது நல்லா ஓடுதுங்க. பசங்க விளையாடிட்டுதான் குளத்துக்கே போறாங்க. முதல் பேட்ச் மூணு இருபதுக்கு மேல ஏறும், அப்புறம் பாருங்க கூட்டத்தை.”

ஏறும். தண்ணீரிலிருந்து ஏறும். வெறுங்கால், ஈர உடம்பு, டைல்ஸ் தரை.

“தம்பி, அதுல ஷாக் அடிக்கும். சொல்றது புரியுதா? ஷாக்!”

“சார்கிட்ட சொல்றேங்க. நான் இன்னிக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு சுவிட்ச் எங்கன்னே...” லைன் அறுந்தது. திரும்பப் போட்டால் பிஸி.

வானொலியின் ஸ்கூட்டர் அதற்குள் உறுமிக்கொண்டிருந்தது. பூதக்கண்ணாடி மல்டிமீட்டரையும் ஸ்க்ரூடிரைவரையும் மட்டும் பையில் திணித்துக்கொண்டு பின்னால் ஏறினாள். கடையைப் பூட்டினார்களா இல்லையா என்பது இருவருக்கும் நினைவில்லை.

குளம் ஊரின் மறுகோடியில். சாதாரணமாக இருபத்தைந்து நிமிடம். வானொலி பதினெட்டில் போனாள் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோது தெரிந்தது. போகும்போது பதினெட்டு மணி நேரம் போலிருந்தது. ஒரு சிக்னலில் சிவப்பு விளக்கு மாறவே மாட்டேனென்று நின்றது. பள்ளிக்கூட பஸ் ஒன்று குறுக்கே திரும்பிக்கொண்டே இருந்தது. பூதக்கண்ணாடி ஒரு கையால் நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனை அழுத்திக்கொண்டே வந்தாள். பிஸி. பிஸி.

பயம் ஒன்றாக வரவில்லை. முதலில் யாரோ ஒரு பிள்ளை, முகம் தெரியாத பிள்ளை, ஈரக் கையைத் தகட்டின் மேல் ஊன்றுவது திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் ஓடியது. பிறகு, வெட்கப்படாமல், அதன் பின்னாலேயே இன்னொரு பயம் வந்தது. அந்தக் காகிதம் மேலாளரின் மேசையில் இருக்கிறது. அதில் அவள் கையெழுத்து இருக்கிறது. பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் போலீஸ் முதலில் அதைத்தான் எடுக்கும். நல்லபடியாக இருந்துவிட்டால், சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சத்தமில்லாமல் சரிசெய்துகொடுத்து விடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? இப்படி நினைக்கிற தன்னைக் கண்டு அவளுக்கே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை.

“அண்ணி, தோளை நகத்தால கிழிக்கிறீங்க” என்றாள் வானொலி, திரும்பாமல். குரலில் கோபமில்லை.

குளத்து வாசலில் வண்ணக் காகிதங்கள் தொங்கின. உள்ளே மைக்கில் யாரோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் கவுண்டரில் ஆளில்லை, அந்த இளைஞன் மேடைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். ‘சார்’ பேசி முடிக்கக் காத்திருக்கிறான் என்பது பார்த்தாலே தெரிந்தது.

பெட்டி கண்ணாடிக் கதவுக்கு எதிரே, உடைமாற்றும் அறைகளுக்குப் போகும் வழியில் நின்றது. திரையில் விண்கலங்கள் அழகாகப் பறந்தன. அவள் சரிசெய்த போர்டு ஒரு குறையுமில்லாமல் ஓடியது. தரையெல்லாம் ஈரக் கால்தடம். நான்கைந்து பிள்ளைகள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்ற பையன் பெட்டியிலிருந்து இரண்டடி தூரத்தில் இருந்தான். அவனைப் பின்னாலிருந்தவன் தள்ளினான்.

“தொடாதே!”

மைக் சத்தத்தை மீறி அந்தக் கூச்சல் கேட்டது. தன்னிடமிருந்துதான் வந்தது என்பது பூதக்கண்ணாடிக்கு அப்புறம்தான் உறைத்தது. பையன் விறைத்து நின்றான். வானொலி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பிள்ளைகளுக்கும் பெட்டிக்கும் நடுவே போய் நின்றாள். அகலமான உடம்பு அவளுக்கு. அன்றுதான் அதனால் லாபம்.

பிளக் பெட்டிக்குப் பின்னால், சுவரோரம் இருந்தது. மரப் பலகையை மட்டும் தொட்டபடி, தகட்டில் எந்தப் பக்கமும் உரசிவிடாமல், சுவருக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு கையை நுழைத்தாள். செருப்பு ரப்பர்தான். ஆனால் தரை ஈரம், செருப்பும் ஈரம். விரல் எட்டவில்லை. தோளையும் உள்ளே நுழைத்தாள். கன்னம் பலகையில் அழுந்தியது. காசுக் கதவின் ஓரம் இடுப்பிலிருந்து ஒரு சாண். பிளக்கின் பிளாஸ்டிக் தட்டுப்பட்டது. இழுத்தாள்.

திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. வரிசையிலிருந்து “ஐயோ” என்று ஏமாற்றச் சத்தம் எழுந்தது.

பூதக்கண்ணாடி பிளக்கைக் கீழே போட்டாள். சுவரில் சாய்ந்து நின்றாள். வந்துவிட்டோம், நேரத்துக்கு வந்துவிட்டோம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் வரிசையிலிருந்த ஒரு குட்டிப் பெண் சொன்னாள். “நல்லவேளை ஆஃப் பண்ணீங்க. அங்க தரை ரொம்ப வழுக்குது. இப்பத்தான் ஒரு அக்கா விழுந்துட்டா.”

சுவரோர பெஞ்சில் ஒன்பது பத்து வயதுப் பெண் ஒருத்தி துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா. நீச்சல் காவலர் முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார்.

“ஒன்னுமில்ல, வழுக்கி விழுந்துட்டா” என்றார் காவலர். “லேசான வீக்கம்தான்.”

பூதக்கண்ணாடி அந்தப் பெண்ணின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். பெண்ணின் உதடு வெளுத்திருந்தது. முழங்காலில் ஐஸ் இருந்தும் அவள் முழங்காலைப் பார்க்கவில்லை. வலது மணிக்கட்டை இடது கையால் மூடிப் பிடித்திருந்தாள்.

“கண்ணு, எப்படி விழுந்த?”

பெண் அம்மாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “அது என் கையை விடல. நான் எடுக்கப் பார்த்தேன், விடவே இல்ல. கத்த வரல. அப்புறம் கால் வழுக்கிடுச்சு.”

“என்னடி உளர்ற?” என்றாள் அம்மா.

இடது கையை மெல்ல விலக்கிப் பார்த்தாள் பூதக்கண்ணாடி. மணிக்கட்டின் உள்பக்கத்தில், தகட்டின் விளிம்பு பட்ட இடத்தில், வெள்ளையாக ஒரு கோடு. சுற்றிலும் சிவப்பு. தரை வழுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் யோசிக்கவில்லை.

அதற்குள் மேலாளர் வந்துவிட்டார். முழங்கையைப் பிடித்து அவளை ஓரமாக அழைத்துப்போனார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

“கவுண்டர் பையன் இப்பத்தான் சொன்னான். நிஜமாவா?”

மல்டிமீட்டரை எடுத்தாள். எர்த் இருக்கிறதா என்று பிளக்கிலும் தகட்டிலும் வைத்துப் பார்த்தாள். இல்லை. அடிப்பக்கத் தகரமூடியை அங்கேயே கழற்றிக் காட்டினாள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. முறுக்கிய வயர். சிவப்பு நகப்பாலிஷ்.

மேலாளர் மேடைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “அம்மா, பொண்ணு நல்லாத்தானே உட்கார்ந்திருக்கு. வழுக்கி விழுந்துட்டான்னே இருக்கட்டும். பெட்டியை நான் இன்னிக்கே வெளிய தூக்கிப் போட்டுடறேன். நான் உங்களுக்காகத்தான் சொல்றேன். காகிதத்துல இருக்கிறது உங்க கையெழுத்து, என்னுது இல்ல.”

மோசமான மனிதர் இல்லை அவர். பயந்துபோன மனிதர். ஸ்கூட்டரில் வரும்போது அவள் மனதுக்குள் ஓடியதைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார். அதனாலேயே அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடை, லைசன்ஸ், போலீஸ், ஊர் வாய் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பெஞ்சில் அம்மா பெண்ணின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். “வா, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கலாம், தூங்கினா சரியாயிடும்” என்று சொல்வது காதில் விழுந்தது.

கரண்ட் இதயத்தின் வழியாகப் போயிருந்தால் அதன் துடிப்பு பிறகும் தடுமாறலாம் என்று பயிற்சியின்போது சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த வகுப்பில் அவள் பாதி தூங்கினாள். அந்த ஒரு வரி மட்டும் எப்படியோ தங்கிவிட்டது.

அவள் நடந்துபோனாள். “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. பொண்ணு வழுக்கி விழல. அந்தப் பெட்டியில கரண்ட் அடிச்சிருக்கு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும், இதயத்தைப் பார்க்கச் சொல்லணும். வழியில நடக்க விடாதீங்க, தூக்கிக்கோங்க.”

அம்மா நிமிர்ந்தாள். “நீங்க யாரு?”

“அந்தப் பெட்டி பத்திரமா இருக்குன்னு கையெழுத்துப் போட்டவ. பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காம போட்டேன்.”

அடி விழும் என்று எதிர்பார்த்தாள். விழவில்லை. அம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு பெண்ணை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். காவலர் தன் காரை எடுக்க முன்னால் ஓடினார்.

அந்த இரவு பூதக்கண்ணாடி தூங்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை. காலையில் வானொலி ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டுவந்தாள். பூதக்கண்ணாடி போகத் துணியவில்லை. முதல் சில மணி நேரம் பெண்ணின் இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்ததாம். டாக்டர்கள் மார்பில் வயரை ஒட்டிப் பக்கத்திலேயே இருந்தார்களாம். விடியும்போது சரியாகிவிட்டது. இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

பெண் வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் அந்த அம்மா கடைக்கு வந்தாள். கவுண்டரில் கை வைக்காமல் தள்ளியே நின்றாள்.

“நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் அவளைத் தூங்க வெச்சிருப்பேன்” என்றாள். “அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனா உங்க முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கல. அதையும் சொல்லிடணும்னு தோணுச்சு.”

“சரிம்மா” என்றாள் பூதக்கண்ணாடி.

மின் ஆய்வாளர் வந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். குளத்தின் பக்கம் கரண்ட் கசிந்தால் தானாக அணைகிற சுவிட்ச் இருந்ததாம். முன்கூடத்து சாக்கெட்டை மட்டும் பிற்காலத்தில் யாரோ அந்த சுவிட்ச் வழியாகக் கொண்டுபோகாமல் தனி வயரில் இழுத்திருந்தார்களாம். குற்றம் பலர் பேரில் பங்காகப் பிரிந்தது. அவள் பங்கை அவள் மறுக்கவில்லை. ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போடும் உரிமை போனது. ஊர் வாயும் சும்மா இருக்கவில்லை. சில வாடிக்கையாளர்கள் வரவில்லை, சிலர் வந்து வேண்டுமென்றே நலம் விசாரித்தார்கள்.

பல் டாக்டரின் பெட்டி பின்னறையில் அப்படியே நின்றது. ஒரு வாரம் அவள் அதன் பக்கம் போகவில்லை. போனபோது, போர்டைத் தொடாமல் அடியிலிருந்து தொடங்கினாள். புது டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாள். புது எர்த் வயர் இழுத்துத் தகட்டிலும் கதவிலும் திருகினாள். மூன்று தடவை சோதித்தாள், பிறகு வானொலியை அழைத்து அவள் கண்ணெதிரே நான்காவது தடவை. அப்புறம்தான் ஸ்கோப்பின் கிளிப்பை எடுத்தாள். போர்டின் ஓரத்தில் வைக்கும்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். ஒன்றும் வெடிக்கவில்லை. சந்தேகப்பட்ட மெமரி சிப்தான் போயிருந்தது. மாற்றினாள். விண்கலங்கள் வந்தன. அவளுக்கு அதில் ஒரு துளி சந்தோஷமும் வரவில்லை.

அதன் பிறகுதான் அந்தக் கேள்வி தோன்றியது. பழைய சாமான் வியாபாரியிடம் போய்க் கேட்டாள். “அந்தக் கூடத்திலிருந்து மொத்தம் எத்தனை பெட்டி எடுத்தீங்க?”

அவர் தலையைச் சொறிந்தார். “அஞ்சும்மா.”

இருவரும் கடையை மத்தியானம் மூடிவிட்டுத் தேட ஆரம்பித்தார்கள். மூன்றாவது பெட்டி ஒரு சலவைக் கடையில் இருந்தது. கடைக்காரர் அவர்களை உள்ளே விடவே இல்லை. “ஆறு மாசமா ஓடுது, எவனுக்கும் ஒன்னும் ஆகல. ரிப்பேர் இல்லாததுக்கு ரிப்பேர்னு வந்து நிக்கிறீங்க” என்றார். வானொலி அவரிடம் முக்கால் மணி நேரம் பேசினாள். கடைசியில் தொல்லை தாங்காமல் வழிவிட்டார். பூதக்கண்ணாடி மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தகட்டிலும் இன்னொரு முனையைத் தண்ணீர்க் குழாயிலும் வைத்தாள். எண் ஏறி நின்றதைக் கடைக்காரர் பார்த்தார். துவைக்கும் இயந்திரங்களிலிருந்து வழிந்த தண்ணீர் பெட்டியின் காலடிவரை வந்திருந்ததையும் பார்த்தார். அவரே போய்ப் பிளக்கைப் பிடுங்கினார், பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

நான்காவதை ஒரு தச்சர் வாங்கி, உள்ளே இருந்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, புத்தக அலமாரியாக மாற்றியிருந்தார். அதன் கதவைத் திறந்து, புத்தகங்களை மட்டும் பார்த்தபோது வானொலிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதாள்.

ஐந்தாவது எங்கே போனதென்று தெரியவில்லை. வியாபாரிக்கும் நினைவில்லை, யாரோ ஒரு ஆள் வேனில் ஏற்றிக்கொண்டு போனான், அவ்வளவுதான். பெட்டியின் படம் போட்டு, தகட்டைத் தொடாதீர்கள் என்று பெரிய எழுத்தில் அடித்து, கடையின் எண்ணைக் கீழே எழுதி, கடைகளிலும் பஸ் நிறுத்தங்களிலும் ஒட்டினார்கள். மழையில் கிழிந்தபோது மறுபடி ஒட்டினார்கள்.

தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் இப்போதும் வானொலிதான் எடுக்கிறாள். பூதக்கண்ணாடி கையிலிருக்கும் சால்டரிங் அயர்னைத் தாங்கியில் வைத்துவிட்டு, நாத்தனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இதுவரை வந்ததெல்லாம் போன் கண்ணாடி உடைந்தவர்கள்தான்.